மகப்பேறு விடுப்புச் சட்டம் (இந்தியா)

இந்தியாவில் வேலை பார்க்கும் பெண், பிரசவத்துக்கு முன்னும் பின்னும் ஊதியத்துடன் விடுப்பு எடுக்கவும், அந்தக் காலத்தில் வேலை பறிபோகாமல் இருக்கவும் வழிசெய்யும் விதிகளின் தொகுப்பு மகப்பேறு விடுப்புச் சட்டம் எனப்படுகிறது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் அறுபது ஆண்டுகளுக்கு மேல் இதற்கு அடித்தளமாக இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் ஆறாம் அத்தியாயம் நடைமுறையில் உள்ளது. விடுப்புக் காலத்திலும் தகுதியிலும் பெரிய மாற்றம் இல்லை. விடுப்பின் செலவை யார் ஏற்பது என்ற பழைய கேள்வியும் தீரவில்லை.

வரலாறு

முதல் முயற்சி 1924இல் நடந்தது. தொழிற்சங்கத் தலைவர் என். எம். ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் கொண்டுவந்த மசோதா தோற்றது. 1929இல் பம்பாய் மாகாணம் சட்டம் இயற்றியது. சென்னை மாகாணம் 1934இல் இயற்றியது. பம்பாய் மசோதா 1928இல் விவாதத்துக்கு வந்தபோது அதை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்றார். ஆகவே அதன் சுமையில் பெரும்பங்கை அரசே ஏற்பது முறை என்றும், ஆனால் அந்தப் பெண்ணின் உழைப்பால் பயனடையும் முதலாளியும் பொறுப்பிலிருந்து விலக முடியாது என்றும் வாதிட்டார்.

1961இன் மத்தியச் சட்டம் 12 வார விடுப்பு தந்தது. 1988இன் திருத்தம் பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் அதை விரிவாக்கி, தகுதிக்கான வேலை நாள்களை 160இலிருந்து 80 ஆகக் குறைத்தது. 2017 ஏப்ரல் 1 முதல் விடுப்பு 26 வாரங்களாக உயர்ந்தது.

தகுதியும் காலமும்

பிரசவத்துக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். உயிருடன் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள் இருப்பவருக்கு 12 வாரம். தத்தெடுக்கும் தாய்க்கும், வாடகைத்தாய் முறையில் குழந்தை பெறுபவருக்கும் 2017 திருத்தம் 12 வாரம் வழங்கியது. கருச்சிதைவுக்கு ஆறு வாரமும், கருத்தடை அறுவைக்கு இரண்டு வாரமும் ஊதியத்துடன் உண்டு. பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்களில் பெண்ணை வேலை வாங்குவது குற்றம்.

பணம் கைக்கு வரும் விதம்

விடுப்புக்கு முந்தைய மூன்று மாதங்களில் வேலை செய்த நாள்களுக்குப் பெற்ற ஊதியத்தின் நாள் சராசரியே அளவுகோல். சராசரி 1,000 ரூபாய் என்றால் 26 வாரத்துக்கு, அதாவது 182 நாளுக்கு, 1,82,000 ரூபாய் சேரும். எட்டு வாரம் முன்கூட்டியே விடுப்பில் செல்பவர் கருவுற்றதற்கான மருத்துவச் சான்றைக் கொடுத்ததும் நிறுவனம் 56,000 ரூபாயை முன்பணமாகத் தர வேண்டும். குழந்தை பிறந்ததற்கான சான்று கிடைத்த 48 மணி நேரத்துக்குள் மீதி 1,26,000 ரூபாயைத் தர வேண்டும். செலவு மிகுந்த வேளையில் பணம் கையில் இருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். மாதாமாதம் சம்பள நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று நிர்வாகம் தள்ளிப்போட முடியாது.

வேலைப் பாதுகாப்பும் காப்பகமும்

விடுப்பில் இருக்கும் பெண்ணை வேலைநீக்கம் செய்வதோ, அவருக்குப் பாதகமாகப் பணி நிபந்தனைகளை மாற்றுவதோ சட்டவிரோதம். பாதிக்கப்பட்டவர் 60 நாளுக்குள் உரிய அதிகாரியிடம் முறையிடலாம். 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும். தாய் நாளுக்கு நான்கு முறை அங்கு போய்வர அனுமதி உண்டு. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட இரண்டு இடைவேளைகளும் தர வேண்டும்.

முக்கியத் தீர்ப்புகள்

டெல்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்களுக்கும் இவ்வுரிமை உண்டென்று 2000இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் மகப்பேறு பயன் முடியாது என்று 2023இல் கூறியது.

2025 மே 23 தீர்ப்பு தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கில் வந்தது. அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள். மணமுறிவுக்குப் பின் அவர்கள் தந்தையிடம் வளர்ந்தனர். மறுமணத்தில் கருவுற்று 2021இல் விடுப்பு கேட்டபோது, இது மூன்றாம் குழந்தை என்று கல்வித்துறை மறுத்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஆசிரியை பக்கம் நின்றார். இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. உச்ச நீதிமன்றம் அமர்வின் தீர்ப்பை ரத்து செய்து விடுப்பை வழங்க உத்தரவிட்டது. மகப்பேறு விடுப்பு, பெண்ணின் இனப்பெருக்க உரிமையோடும் கண்ணியத்தோடும் பிணைந்தது என்பது அதன் நிலைப்பாடு.

தமிழ்நாடு

தமிழ்நாடு அரசின் பெண் ஊழியர்களுக்கு 2021 ஜூலை 1 முதல் 12 மாத விடுப்பு உண்டு. ஏழைக் கர்ப்பிணிகளுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட 18,000 ரூபாய் மதிப்பில் உதவுகிறது.

செலவின் சுமை

இ.எஸ்.ஐ. காப்பீட்டில் உள்ளவர்களுக்கு, அதாவது மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மிகாதவர்களுக்கு, விடுப்புப் பணத்தை இ.எஸ்.ஐ. கழகமே தருகிறது. நிறுவனம் ஊதியத்தில் 3.25 சதவீதமும், ஊழியர் 0.75 சதவீதமும் சந்தா கட்டுகின்றனர். ஆண் ஊழியருக்கும் அதே சந்தா என்பதால் பெண்ணை வேலைக்கு எடுப்பதால் நிறுவனத்துக்குத் தனிச் செலவு விழுவதில்லை. அதற்கு மேல் ஊதியம் பெறுபவரின் 26 வார ஊதியம் முழுவதும் அவரை வேலைக்கு வைத்த நிறுவனத்தின் கணக்கில் ஏறுகிறது. பதினைந்து பேர் வேலை பார்க்கும் சிறு நிறுவனத்துக்கு இது பெரிய தொகை. விளைவாக, நேர்காணலில் திருமணம் எப்போது, குழந்தை உண்டா என்ற கேள்விகள் பெண்களிடம் மட்டும் கேட்கப்படுகின்றன. ஏழு வார ஊதியத்தை நிறுவனங்களுக்கு அரசே திருப்பித் தரும் யோசனையை 2018இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் பரிசீலித்தது. அது நடைமுறைக்கு வரவில்லை.

வயல்வேலை, கட்டடவேலை, வீட்டுவேலை செய்யும் பெண்கள் பெரும்பாலும் இந்த விடுப்புக்கு வெளியே நிற்கின்றனர். முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய் தரும் பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டம் போன்ற உதவித்தொகைகளே அவர்களுக்குக் கிடைப்பவை. இ.எஸ்.ஐ. போல் எல்லோரும் பங்களிக்கும் பொதுநிதியில் அரசும் தன் பங்கைச் செலுத்தினால், சிறு நிறுவனத்தின் அச்சமும் தீரும், கூலிவேலை செய்யும் தாயும் விடுப்பு பெற வழி பிறக்கும். 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட வாதம் இன்றும் வலுவானதே.