பால் கட்டுவதற்குள்: கெடா தோட்டங்களில் லோரியும் பழுதும்

மலேசியாவின் கெடா மாநில ரப்பர் தோட்டங்களில் லோரி பாதிவழியில் நின்றால் அன்றைய வெட்டே நட்டமாகிவிடும். விடியலில் வெட்டிய பால் சில மணி நேரத்தில் தானாகத் திரியத் தொடங்கும். அமோனியா கலந்தால் சற்றுத் தாங்கும். ஆலை சேருமுன் கட்டிப்போன பால் நல்ல ஷீட்டுக்கு உதவாது. மட்ட ரகமாகவே விலைபோகும். பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மீதியில் பெரும்பகுதி நீர். அந்த நீரின் பாரத்தையும் சேர்த்தே வண்டி இழுக்க வேண்டியிருந்தது.

தொடக்கத்தில் இந்தச் சுமை மாட்டு வண்டிக்கு உரியதாக இருந்தது. 1915-இல் இரயில் பாதை அலோர் ஸ்டாரை எட்டியது. ஆனாலும் தோட்டத்துக்கும் நிலையத்துக்கும் இடையே செம்மண் பாதைதான். இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் அந்தப் பாதையில் பெட்ரோல் லோரிகள் ஓடத் தொடங்கின. கூலிம், பாலிங் பக்கத்து மேடுகளில் எஞ்சின் கொதித்தால் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி ஓட்டத்தை அடைத்துவிடும். மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் தீப்பொறி விழாது.

1941 டிசம்பரில் கெடாவின் ஜித்ராவில் ஜப்பானியரிடம் தோற்ற பிரிட்டிஷ் படை தெற்கே பின்வாங்கியது. ஜப்பானிய ஆட்சியில் பெட்ரோல் அரிதானதால் வண்டிகளில் கரியடுப்பு பொருத்தப்பட்டது. கரிவாயுவில் எஞ்சினின் வலு வெகுவாகக் குறையும். சாம்பலும் தாரும் குழாய்களை அடைக்கும். புறப்படுமுன் அடுப்பு மூட்டிக் காத்திருக்கவும் வேண்டும்.

போர் முடிந்ததும் இராணுவம் கழித்துவிட்ட லோரிகள் சந்தைக்கு வந்தன. கனடாவில் தயாரான ஷெவர்லே, ஃபோர்ட் வண்டிகள் மலாயாவின் மரம் வெட்டும் காடுகளில் பல பத்தாண்டுகள் உழைத்தன. ஒன்றின் உறுப்பைக் கழற்றி மற்றொன்றில் மாட்டி ஓட்டப்பட்ட இத்தகைய வண்டிகளுக்குப் ‘பேய் லோரி’ என்று பொருள்படும் ‘லோரி ஹந்து’ என்ற பெயர் நிலைத்தது.

பின்னர் பெட்ஃபோர்டும், அதைத் தொடர்ந்து இசுசு, ஹினோ போன்ற ஜப்பானிய டீசல் லோரிகளும் வந்தன. டீசலுக்குத் தீப்பொறி தேவையில்லை. ஆனால் எண்ணெயில் நீர் கலந்தாலும் குழாயில் காற்றுப் பிடித்தாலும் எஞ்சின் நின்றுவிடும். ஓட்டுநர் பம்பின் திருகைத் தளர்த்தி, கையால் அடித்து, நுரை நின்று எண்ணெய் மட்டும் வரும்வரை பார்த்திருந்து மீண்டும் முறுக்குவார். வண்டி அதன்பிறகும் ‘ரோசாக்’ (பழுது) என்றால் சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ உள்ள பட்டறையின் ‘போமன்’ எனப்படும் மெக்கானிக்தான் கதி.

புதிய வண்டியே அடிக்கடி பழுதானால் முறையிடும் வழி குறுகலாக இருந்தது. 1967-ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டம், சுமையுடன் 2540 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிகளையே பட்டியலிட்டது. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொந்த, வீட்டு உபயோகப் பொருள்களுக்கானது. தொழிலுக்கு வாங்கிய லோரி அதில் அடங்காது. உரிமையாளருக்கு எஞ்சியது 1957-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டமும் உரிமையியல் நீதிமன்றமும். அங்கே செலவும் அலைச்சலும் மிகுதி என்பதால், பழுதைப் பட்டறையிலேயே தீர்த்துக்கொள்வது எளிதாக இருந்தது.

சாலைக்கு வரும் வண்டியின் தகுதியைச் சோதிக்கும் பொறுப்பு 1994-இல் புஸ்பாகோம் நிறுவனத்திடம் சென்றது. சரக்கு லோரிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குச் செல்ல வேண்டும். பிரேக், ஸ்டியரிங், புகை ஆகியவை அங்கே பார்க்கப்படுகின்றன. வண்டி வழியில் நிற்குமா என்பது அந்தச் சோதனையில் தெரியாது.

ரப்பர் இருந்த பல இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. வெட்டிய குலையும் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போயாக வேண்டும். தாமதமானால் எண்ணெயில் அமிலம் கூடித் தரம் இறங்கும்.