அரைச் சட்டகம்

35 மி.மீ. பிலிமில் 18 × 24 மி.மீ. அளவில் பதியும் நிழற்பட வடிவம். வழக்கமான 24 × 36 மி.மீ. சட்டகத்தில் இது சரிபாதி.

‘அரை’ என்ற பெயர் சற்று அநியாயமானது. சினிமா கேமராவுக்கு இதுவே முழுச் சட்டகம். அங்கே பிலிம் மேலிருந்து கீழாக ஓடும். ஜெர்மனியின் ஆஸ்கர் பர்னாக் அதைப் படுக்கைவாட்டில் ஓடவிட்டு, இரண்டு சட்டக இடத்தை ஒரே படத்துக்குக் கொடுத்தார். 1925இல் விற்பனைக்கு வந்த அவரது லைக்கா கேமரா அந்த அளவையே நிலைநிறுத்தியது.

பாதி அளவைப் பிரபலமாக்கியது ஜப்பானின் ஒலிம்பஸ் பென் (1959). வடிவமைத்தவர் யோஷிஹிசா மைதானி. 36 படச் சுருளில் 72 படம் எடுக்கலாம் என்பதால் பிலிம் செலவு பாதியானது. கேமராவைச் சாதாரணமாகப் பிடித்தாலே படம் நெடுக்காக விழும். அகலமான காட்சி வேண்டுமென்றால் கேமராவைத் திருப்ப வேண்டும். பரப்பு பாதி என்பதால் பெரிதாக்கும்போது பிலிமின் மணித்துகள் முன்னதாகவே தெரியும். அஞ்சலட்டை அளவுக்குக் குறையில்லை.

இதைவிடச் சிறியவையும் உண்டு. மினாக்ஸ் உளவுக் கேமராவின் சட்டகம் 8 × 11 மி.மீ. கோடக் 1972இல் கொண்டுவந்த 110 பெட்டிப் பிலிமில் 13 × 17. அதே நிறுவனத்தின் வட்டுப் பிலிம் (1982) மினாக்ஸ் அளவுக்கே சுருங்கியது. படத்தின் தரமும் கூடவே சுருங்கியது.

2024இல் பென்டாக்ஸ் 17 என்ற புதிய அரைச் சட்டகக் கேமரா வெளிவந்தது.