ப. சுப்பராயன் அமைச்சரவையும் இரட்டை விசுவாசமும் (1926–1930)

எடப்பாடி, சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் ஆகிய ஊர்கள் அடங்கிய சமவெளி முன்பு ஒன்றுபட்ட சேலம் மாவட்டத்தில் இருந்தது. திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தின் ஜமீன்தார் ப. சுப்பராயன் (1889–1962), 1926 டிசம்பர் 4 முதல் 1930 அக்டோபர் 27 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்தார். ஒரே நேரத்தில் இரண்டு இடங்களுக்குக் கட்டுப்பட்ட அமைச்சரவைக்கு அவரது ஆட்சி தெளிவான எடுத்துக்காட்டு.

இரட்டை ஆட்சி

1919ஆம் ஆண்டுச் சட்டம் மாகாண அரசை இரண்டாகப் பிரித்தது. கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி போன்ற துறைகள் மந்திரிகளிடம் தரப்பட்டன. நிதி, காவல், நிலவரி போன்றவை ஆளுநரின் நிர்வாக சபையிடமே இருந்தன. பள்ளிக்கூடம் கட்ட மந்திரி முடிவு செய்யலாம். அதற்கான பணம் வேறொருவர் கையில் இருந்தது. மந்திரியின் கீழ் பணியாற்றிய துறைச் செயலர், மந்திரியைக் கடந்து ஆளுநரிடம் நேராகக் கோப்பைக் கொண்டுசெல்லவும் வழி இருந்தது. ஆகவே அதிகாரி முதல் மந்திரி வரை எல்லோரும் “நாம் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்?” என்ற கேள்வியோடுதான் வேலை செய்தார்கள்.

பதவி வந்த விதம்

1926 தேர்தலில், அதுவரை ஆண்ட நீதிக்கட்சி தோற்றது. தேர்ந்தெடுக்கப்பட்ட 98 இடங்களில் 41ஐ வென்ற சுயராஜ்யக் கட்சி, காங்கிரசின் கொள்கைப்படி பதவி ஏற்க மறுத்தது. இந்நிலையில் ஆளுநர் கோஷன் பிரபு சுயேச்சையான சுப்பராயனை அழைத்தார். ஆ. ரங்கநாத முதலியார், ஆரோக்கியசாமி முதலியார் இருவரும் உடன் மந்திரிகளாயினர். சொந்தப் பெரும்பான்மை இல்லாத இந்த அமைச்சரவையை ஆளுநரின் நியமன உறுப்பினர்களும், வெளியிலிருந்து கிடைத்த ஆதரவுமே தாங்கின. இரண்டில் எது விலகினாலும் ஆட்சி கவிழும் நிலை.

சைமன் குழு

இந்த நிலையைச் சோதித்தது சைமன் குழு. ஓர் இந்தியர்கூட இல்லாத ஏழு பேர் கொண்ட அக்குழு 1928 பிப்ரவரி 3 அன்று பம்பாயில் இறங்கியது. நாடெங்கும் புறக்கணிப்பு நடந்தது. புறக்கணித்தால் ஆளுநரின் ஆதரவு போகும்; ஒத்துழைத்தால் மக்களின் மதிப்பு போகும். அமைச்சரவை பிளந்தது. 1928 மார்ச்சில் ரங்கநாத முதலியாரும் ஆரோக்கியசாமி முதலியாரும் பதவி விலகினர். சுப்பராயன் தொடர்ந்தார்.

தொடர்வதற்கு விலை இருந்தது. ஆளுநர் நீதிக்கட்சியுடன் பேசினார். அக்கட்சியைச் சேர்ந்த எம். கிருஷ்ணன் நாயர் சட்ட உறுப்பினரானார். நேற்றுவரை எதிர்வரிசையில் இருந்த கட்சி ஆட்சிக்குத் துணையானது. எஸ். முத்தையா முதலியாரும் சேதுரத்தினம் ஐயரும் புதிய மந்திரிகளாயினர்.

கிடைத்ததும் இழந்ததும்

இந்தப் பேரத்தைப் பதவி ஆசை என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாது. முத்தையா முதலியார் 1928இல் தம் பொறுப்பிலிருந்த பத்திரப்பதிவுத் துறையில் வகுப்புவாரி ஒதுக்கீட்டை நடைமுறைப்படுத்தினார். தமிழ்நாட்டின் இடஒதுக்கீட்டு வரலாற்றில் அது பெரிய திருப்பம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறைக்கு எதிராகச் சட்டசபையில் போராடியதும் இதே ஆண்டுகளில்தான்.

ஆயினும் இழப்பும் பெரிது. சுப்பராயனுக்கென்று ஒரு கட்சி வளரவில்லை. 1930 தேர்தலைக் காங்கிரசு புறக்கணித்தது. நீதிக்கட்சி வென்று முனுசாமி நாயுடு முதல் மந்திரியானார். நான்காண்டுகள் ஆட்சி நடத்தியவருக்குத் தம்முடன் நிற்க ஒரு படை இல்லை.

மாணவர்கள் இங்கே ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். முத்துலட்சுமி ரெட்டியும் அரசால் நியமிக்கப்பட்ட உறுப்பினரே. 1930இல் காந்தியடிகள் கைதானபோது அவர் உறுப்பினர் பதவியைத் துறந்தார். அமர்த்தியவருக்குக் கடன்பட்டவர் எல்லோரும் ஒரே முடிவை எடுக்கவில்லை.

பின்னர் சுப்பராயன் காங்கிரசில் சேர்ந்தார். 1937இல் அதே சேலம் மாவட்டத்தவரான இராஜாஜியின் அமைச்சரவையில் இடம்பெற்றார். முன்பு முதல் மந்திரியாக இருந்தவர் மற்றொருவரின் கீழ் மந்திரியாக இருக்க ஒப்பினார். ஆனால் இம்முறை அவர் பின்னே ஒரு கட்சியும் வாக்காளரும் இருந்தனர்.

பிற்காலத்தில்

இதே சமவெளியிலிருந்து 2017 பிப்ரவரி 16 அன்று எடப்பாடி தொகுதியின் உறுப்பினர் எடப்பாடி கே. பழனிசாமி முதலமைச்சரானார். இரு நாள் கழித்து 122–11 என்ற வாக்குகளில் நம்பிக்கை கோரும் தீர்மானத்தில் வென்றார். அதே ஆண்டு செப்டம்பரில், அவர்மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த 18 உறுப்பினர்கள் தகுதிநீக்கம் செய்யப்பட்டனர். 2018 அக்டோபரில் உயர்நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

1928இல் கட்சித்தாவல் தடைச்சட்டம் கிடையாது. அன்று மந்திரியை நிறுத்தியதும் காத்ததும் ஆளுநரின் தயவு. இன்று உறுப்பினரைக் கட்டுவது கட்சிக் கொறடாவின் ஆணை. கயிறு மாறியிருக்கிறது, மனச்சாட்சிக்கும் கட்டுப்பாட்டுக்கும் நடுவே நிற்பவரின் இக்கட்டு மாறவில்லை. ஆதரவு எங்கிருந்து வருகிறதோ, கணக்கும் அங்கேதான் கேட்கப்படும் என்பதே சுப்பராயன் ஆட்சி விட்டுச்சென்ற பாடம்.