ஒயின் சாலையின் பிறந்தநாள்

ஜெர்மனியின் தென்மேற்கில், பிரெஞ்சு எல்லையை ஒட்டிய பால்ஸ் நிலப்பகுதியில் ஏறத்தாழ 85 கிலோமீட்டர் நீளமுள்ள சாலை ஒன்று இருக்கிறது. தெற்கே ஷ்வைகன் என்னும் சிற்றூரில் தொடங்கி வடக்கே பொக்கன்ஹைமில் முடியும் அதற்கு ஜெர்மன் ஒயின் சாலை என்று பெயர். மேற்கே மலைக்காடு, கிழக்கே ரைன் சமவெளி, இடையே கண்ணுக்கெட்டிய தூரம் திராட்சைக் கொடிகள். இலையுதிர்காலத்தில் காரில் ஒரு பயணம் போகத் திட்டமிடுவோருக்கு இதைவிட எளிய வழித்தடம் அமைவது அரிது. நிற்காமல் ஓட்டினால் ஒரு முற்பகலில் முடிந்துவிடும். ஊர்தோறும் இறங்கினால் மூன்று நாளும் போதாது.

செப்டம்பரும் அக்டோபரும் அங்கே அறுவடை மாதங்கள். நொதித்துக்கொண்டிருக்கும் கலங்கல் நிறப் புது ஒயினும், வெங்காயம் பரப்பிச் சுட்ட அடையும் அப்பருவத்துக்கே உரியவை. அம்மண்ணில் ஒயினின் வயது ரோமானியர் காலம்வரை செல்கிறது. சாலைக்குக் கிழக்கே, ஷ்பையர் நகர அருங்காட்சியகத்தில், கி.பி. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த, இன்றுவரை திறக்கப்படாத ஒயின் குப்பி ஒன்று உள்ளது. 1867இல் ரோமானியக் கல்லறை ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது அது.

இத்தொன்மையைக் காணும் நாம் சாலையும் தொன்மையானதே என்று எளிதில் எண்ணிவிடுவோம். ஆனால் அதற்குத் திட்டவட்டமான பிறந்தநாள் உண்டு. 1935 அக்டோபர் 19 அன்று பாட் துர்க்ஹைம் நகரில் அதைத் தொடங்கிவைத்தவர் யோசெஃப் பியூர்க்கல். பள்ளி ஆசிரியராகப் பயிற்சி பெற்றவர். அப்போது அவ்வட்டாரத்தின் நாஜிக் கட்சித் தலைவர்.

திறப்புக்குக் காரணம் இருந்தது. 1934, 1935 ஆகிய இரண்டும் பெருவிளைச்சல் ஆண்டுகள். ஒயின் தேங்கியது, விலை சரிந்தது, விவசாயிகள் தத்தளித்தனர். தேக்கத்துக்கு விளைச்சலை மட்டும் காரணமாகக் கூறுவது பொருந்தாது. பால்ஸ் ஒயின் வணிகத்தில் யூத வணிகர்களுக்குப் பெரும் பங்கு இருந்தது. 1933க்குப் பிறகு அவர்கள் படிப்படியாகத் தொழிலிலிருந்து விரட்டப்பட்டபோது, அவர்கள் தலைமுறைகளாகப் பேணிவந்த விற்பனை வழிகளும் அடைபட்டன. சரக்கை வெளியூருக்குக் கொண்டுசெல்வோரைத் துரத்திவிட்ட ஆட்சி, வெளியூராரைச் சரக்கிடம் அழைத்துவர ஒரு வழி தேடியது. ஏற்கெனவே இருந்த கிராமச் சாலைகளைப் பெரும்பாலும் அப்படியே இணைத்து, ஒரு பெயர் சூட்டி விளம்பரம் செய்தது. அடுத்த ஆண்டே ஷ்வைகனில் மணற்கல்லால் ஒரு பெருவாயில் எழுந்தது. நொய்ஷ்டட் நகரமும் தன் பெயரோடு ஒயின் சாலையைச் சேர்த்துக்கொண்டது. 1945இல் விடுத்து, 1950இல் மீண்டும் ஏற்றது.

சாலை திறந்து சரியாக ஐந்து ஆண்டுகள் மூன்று நாட்கள் கழித்து, 1940 அக்டோபர் 22 அன்று, அதே பியூர்க்கலும் பாடன் பகுதியின் தலைவரான வாக்னரும் தத்தம் ஆளுகையிலிருந்த யூதர்களை நாடுகடத்தினர். ஆறாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் ரயில்களில் ஏற்றப்பட்டு, பிரான்சின் தென்கோடியில் பிரனீஸ் மலையடிவாரத்திலிருந்த கூர்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். பலர் அங்கேயே பசியாலும் நோயாலும் மாண்டனர். 1942 முதல் பலர் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். அதுவும் ஓர் இலையுதிர்காலமே.

அப்படியானால் அச்சாலையைத் தவிர்த்துவிட வேண்டுமா? வேண்டியதில்லை என்பதே நம் எண்ணம். கொடியை நட்டவர் பியூர்க்கல் அல்லர். இன்று அதைப் பேணுவோர் அவருடைய வாரிசுகளும் அல்லர். அந்நிலத்துக்கு வேறொரு நினைவும் உண்டு. நொய்ஷ்டட்டுக்கு அருகிலுள்ள ஹாம்பாக் கோட்டைக்கு 1832 மே மாதம் பல்லாயிரவர் கறுப்பு, சிவப்பு, பொன் நிறக் கொடியேந்தி ஏறிச் சென்றனர். பேச்சுரிமையும் ஒன்றுபட்ட ஜெர்மனியும் கேட்டனர். அந்நிறங்களே இன்று அந்நாட்டின் கொடி.

பயணத் திட்டம் என்பது எங்கே நிற்பது என்ற தேர்வுதான். ஷ்வைகன் வாயிலருகே படமெடுப்போர் அது எழுந்த ஆண்டையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். ஹாம்பாக்கில் ஒரு முற்பகல் கழியட்டும். பிறகு நொய்ஷ்டட்டில், 1933இல் அரசியல் எதிரிகளை அடைத்துவைத்த பழைய படைவீட்டில் இப்போதுள்ள நினைவிடத்துக்கு ஒரு மணி நேரமேனும் ஒதுக்க வேண்டும். மாலையில் ஏதேனும் ஒரு தோட்டத்து முற்றத்தில் ரீஸ்லிங் பருகுவதற்கு அதனால் தடையொன்றும் இல்லை. கோப்பையை யார் நிரப்பினார்கள், அந்த வணிகத்திலிருந்து யார் அகற்றப்பட்டார்கள் என்று அறிந்து பருகுவோம், அவ்வளவே.