வெறும் 'வயிற்று வலி' என்று எழுதினால் என்ன சிக்கல்? மெடிக்கல் கோடிங் எப்படி வேலை செய்கிறது?

ஹைதராபாத் தார்நாகாவில் மெட்ரோ ஏறினால், அதே நீலத் தடத்தில் அமீர்பேட் வந்துவிடும். கோச்சிங் சென்டர்களுக்குப் பேர்போன அந்த ஏரியாவில் ஜாவா, பைத்தான் போர்டுகளோடு 'மெடிக்கல் கோடிங்' போர்டும் தொங்கும். பார்மசி, லைஃப் சயன்ஸ் படித்த பலர் போய்ச் சேரும் வேலை இது. சென்னையிலும் அப்படித்தான். அமெரிக்காவில் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் போனால், அந்தக் குறிப்பைப் படித்து கோடு போடுபவர் இங்கே உட்கார்ந்திருக்கலாம்.

அந்த கோடுகள் உலக சுகாதார அமைப்பின் ஐசிடி-10 பட்டியலில் இருந்து வருகின்றன. வயிற்று வலிக்கு அதில் ஆர்10. மூல பட்டியலில் ஆர்10.0 முதல் ஆர்10.4 வரை ஐந்தே பிரிவுகள். 2015 அக்டோபர் 1 முதல் அமெரிக்கா பயன்படுத்தும் விரிவான பதிப்பில் கதை வேறு. மேல் வயிறா, கீழ் வயிறா, வலமா, இடமா, தொப்புளைச் சுற்றியா என்று கேட்கும்.

புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 'வலிக்குது' என்று நோயாளி சொல்வது வலி. டாக்டர் அமுக்கிப் பார்க்கும்போது வலித்தால் அது டெண்டர்னஸ். முன்னது நோயாளியின் வார்த்தை, பின்னது டாக்டரின் கை கண்டுபிடித்தது. வலது கீழ் வயிற்றில் வலி என்றால் ஆர்10.31. அதே இடத்தில் அமுக்கினால் வலி என்றால் ஆர்10.813. அமுக்கிய கையைச் சட்டென எடுக்கும்போது வலித்தால் ஆர்10.823. டாக்டர் இடத்தைக் குறிப்பிடாமல் 'வயிற்று வலி' என்று மட்டும் எழுதியிருந்தால், ஆர்10.9. கோடர் தானாக ஊகிக்க அனுமதி இல்லை. டேட்டா பார்க்கும் எனக்கு இந்த ஆர்10.9 ஓர் எரிச்சல்: எண்ணிக்கை இருக்கும், தகவல் இருக்காது.

'அப்பெண்டிசைடிஸாக இருக்கலாம்' என்று எழுதியிருந்தால்? அமெரிக்க வெளிநோயாளி விதிப்படி சந்தேகத்துக்கு கோடு கிடையாது. அறிகுறியைத்தான் போட வேண்டும். நோய் உறுதியானால் கே35 வரும், அதன் வழக்கமான அறிகுறியான வலிக்குத் தனி கோடு தேவையில்லை.

சரி, இது அமெரிக்கக் கணக்கு, நமக்கென்ன? நம்ம ஊர் இன்ஷூரன்ஸ் கிளெய்ம் படிவத்தில் மருத்துவமனை நிரப்பும் 'பார்ட் பி'யிலும் ஐசிடி-10 கோடுக்கு இடம் இருக்கிறது. இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் தரப்படுத்திய விலக்குகளில் 'எக்ஸ்கிளூஷன் 04' என்று ஒன்று: பரிசோதனைக்காக மட்டுமே அட்மிட் ஆனால் பணம் வராது. இரண்டு நாள் அட்மிஷன், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கடைசியில் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'வயிற்று வலி' மட்டும் என்றால், இந்த விலக்கைக் காட்டிக் கேள்வி வர வாய்ப்பு அதிகம்.

இல்லாத நோயை எழுதச் சொல்ல முடியாது, எழுதவும் கூடாது. சில வலிகளுக்குக் காரணம் கடைசிவரை பிடிபடாது. ஆனால் வலி எங்கே, எவ்வளவு கடுமை, டிரிப்ஸும் ஊசியும் ஏன் தேவைப்பட்டன, வீட்டில் வைத்து ஏன் பார்க்க முடியவில்லை என்பதெல்லாம் நடந்த விஷயங்கள். டிஸ்சார்ஜ் அன்றைக்கு பில்லைப் பார்க்கும் அவசரத்தில் சம்மரியை யாரும் படிப்பதில்லை. கையெழுத்துப் போடும் முன் 'ஃபைனல் டயக்னாசிஸ்' வரியைப் பாருங்க; விட்டுப்போனது இருந்தால் டாக்டரிடம் அங்கேயே கேளுங்க. கிளெய்ம் நிராகரிக்கப்பட்ட பிறகு திருத்திய சம்மரி வாங்குவது பெரிய அலைச்சல்.