மணலில் எழுதிய விரல்கள்



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் நம் சபையின் தாயார் ஒருவர் என்னிடம் வந்தார். தம் ஐந்து வயது மகனை ஓய்வுநாள் பள்ளியின் பாலர் வகுப்பிற்கு அனுப்பலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அப்பிள்ளைக்கு இன்னும் பேச்சு முழுமையாக வரவில்லை. ஓரிடத்தில் அமர்ந்திருக்கவும் அவனால் இயலாது. கடந்த ஆண்டு அவர் இதையே கேட்டபோது, "இன்னும் ஒரு வருடம் போகட்டும் அம்மா" என்று சொல்லி அனுப்பியவன் நானே. முதலில் பேசக் கற்றுக்கொள், அமரக் கற்றுக்கொள், அதன்பின் கற்க வா என்பதுதானே அதன் பொருள்? அந்த உறுத்தலோடு நம் நாட்டுக் கல்வி வரலாற்றின் சில பக்கங்களைத் திருப்பினேன். அவற்றில் கண்டதை உங்களோடு பகிர விரும்புகிறேன்.

நம் முன்னோரின் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் முதலில் ஏட்டைத் தொடவில்லை, மணலைத் தொட்டார்கள். தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுத்தை வரைந்து, வரையும்போதே அதன் ஒலியை உரக்கச் சொன்னார்கள். கண்ணும் கையும் வாயும் செவியும் ஒருங்கே கற்றன. பிழை நேர்ந்தால் உள்ளங்கையால் ஒருமுறை தடவினால் போதும்; மணல் பழையபடி ஆகிவிடும். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான்.

1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரும் இந்த மணலிலேதான் தமிழ் பயின்றார். ஜெர்மனியில் இறையியல் கற்றவர் அவர். ஆயினும் தமிழ் ஆசிரியர் ஒருவரின் பள்ளியைத் தம் இருப்பிடத்திலேயே நடத்தச் செய்து, சிறுபிள்ளைகளின் நடுவே தரையில் அமர்ந்து, அவர்களைப் போலவே விரலால் எழுதினார். வேதாகமத்தைத் தமிழுக்குக் கொண்டுவரப் புறப்பட்ட பணி தரையில் அமர்வதிலிருந்து தொடங்கியது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

ஏறக்குறைய எண்பது ஆண்டுகளுக்குப்பின் மற்றொரு போதகரையும் அதே மணல் தடுத்து நிறுத்தியது. ஸ்காட்லாந்தில் பிறந்த ஆங்கிலிகன் குருவானவர் ஆண்ட்ரூ பெல், 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்திற்குப் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்ட அவர், தம் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் இணங்கவில்லை. எனவே ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் கீழ்வகுப்பை ஒப்படைத்தார். பெரியவர்கள் மறுத்ததைச் சிறுவன் செய்து காட்டினான். பெல் 1797இல் லண்டனில் இதை நூலாக வெளியிட, 'மதராஸ் முறை' என்னும் பெயரில் அது பிரிட்டன் எங்கும் பரவியது.

எனினும் இதன் மறுபக்கத்தையும் நாம் நேர்மையோடு நோக்க வேண்டும். திண்ணைப் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடமில்லை. ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்குக் கதவு அடைக்கப்பட்டிருந்தது. பிரம்பும் ஓயாமல் பேசியது. பெல்லின் முறையோ இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் நிறுத்தி ஒப்புவிக்கச் செய்யும் ஏற்பாடாக இறுகியது. பின்தங்கும் பிள்ளை என்ன ஆவான் என்ற கேள்வி அங்கே எஞ்சியே நின்றது.

அக்கேள்வியிலிருந்தே தம் பணியைத் தொடங்கியவர் இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி. 1900இல் ரோம் நகரில், அறிவு வளர்ச்சி குன்றியோர் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்கான பள்ளியில் அவர் பணியாற்றினார். கையால் தொட்டும், அடுக்கியும், பொருத்தியும் கற்ற அவர்களுள் சிலர், மற்றப் பிள்ளைகள் எழுதும் தேர்விலேயே வெற்றி பெற்றார்கள். ஊரார் வியந்தார்கள், அவரோ, அப்படியானால் குறையற்ற பிள்ளைகளை நம் பள்ளிகள் எவ்வளவு பின்னுக்கு இழுத்து வைத்திருக்கின்றன என்று சிந்தித்தார். 1907 ஜனவரி 6இல் ரோமின் ஏழைக் குடியிருப்பான சான் லொரென்சோவில் முதல் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. பலவீனர் என்று தள்ளப்பட்டவர்களுக்காக உருவான வழி எல்லாப் பிள்ளைகளுக்கும் வழியாயிற்று.

அவருடைய கருவிகளில் ஒன்றைச் சொல்லுகிறேன். ஒரு மரக்கட்டையில் பத்துக் குழிகள். அவற்றிற்குப் பொருந்தும் பத்து உருளைகள், ஒவ்வொன்றும் ஒரு அளவு. ஒன்றை இடம் மாற்றி வைத்தால் கடைசியில் ஓர் உருளை பொருந்தாமல் கையில் நிற்கும். பிழையைக் கட்டையே சொல்லிவிடும். ஆசிரியர் அதட்ட வேண்டியதில்லை. எழுத்துகளையும் அவர் உப்புத்தாளில் வெட்டி ஒட்டி, பிள்ளைகள் விரலால் தடவி ஒலிக்கச் செய்தார். நம் மணலின் நெருங்கிய உறவல்லவா அது! வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் இருந்தார்கள். சிறியவர் பார்த்துக் கற்றார்கள், பெரியவர் காட்டிக் கற்றார்கள்.

1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பின்பேரில் அவர் சென்னை அடையாறுக்கு வந்தார். சுமார் 300 பேர் அவரிடம் பயிற்சி பெற்றார்கள். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் அவருடைய மகன் மரியோ காவலில் வைக்கப்பட்டார். அவ்வாண்டு ஆகஸ்டு 31இல், தாயின் எழுபதாம் பிறந்தநாளில், விடுவிக்கப்பட்டார். 1942 முதல் 1944 வரை தாயும் மகனும் தங்கியது எங்கே தெரியுமா? நம் மாவட்டத்தின் கொடைக்கானலில். அன்று அது மதுரை மாவட்டத்தில் இருந்தது. பல வயதுப் பிள்ளைகள் கூடிய சிறு பள்ளியொன்றை அங்கே நடத்தி, இலையையும் பூச்சியையும் கல்லையும் பாடமாக்கினார்கள். பேகம்பூரிலிருந்து பார்த்தால் மேற்கே தெரியும் மலைகளுக்கு மேல் நடந்தது இது.

பிரியமானவர்களே, மாற்கு 7ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். செவிடும் திக்குவாயுமான மனிதனிடம் ஆண்டவர் முதலில் பேசவில்லை. அவனைத் தனியே அழைத்து, அவன் செவிகளில் விரல்களை வைத்து, நாவைத் தொட்டார். அவனுக்கு எட்டக்கூடிய வழியில் அவனிடம் சென்றார். நானோ, எனக்கு எட்டும் வழியில் வா என்று ஒரு பிள்ளையிடம் சொல்லிவிட்டேன்.

ஆகவே வரும் ஞாயிறு பாலர் வகுப்பில் பாய் விரிக்கப்படும். ஒரு தட்டில் மணல். மற்றொன்றில், நம் ஊரின் பெயரைச் சொல்லும் பூட்டுகள் ஐந்தும் அவற்றின் சாவிகளும். ஒரு பிள்ளை சாவியைப் பொருத்துவான், ஒருத்தி எண்ணுவாள், வேறொருவன் பூட்டின் குளிர்ச்சியை மட்டும் தடவிப் பார்ப்பான். மூவரும் கற்கிறார்கள். பொருளை வாயில் வைக்கும் பிள்ளைகள் இருப்பதால், புளியங்கொட்டை போன்ற சிறு பொருள்கள் வேண்டாம். வீட்டில் பயனற்றுக் கிடக்கும் பெரிய பூட்டு, பொத்தான் வைத்த பழைய சட்டை, மூடியுள்ள டப்பா இவற்றைச் சுத்தம் செய்து கொண்டுவாருங்கள். பிள்ளைகளோடு தரையில் அமர இரண்டு பெரியவர்களும் தேவை. அவர்களில் ஒருவனாக நான் இருப்பேன்.

அந்தத் தாயாரின் வீட்டிற்கு நேற்று மாலை சென்று, மன்னிப்புக் கேட்டு, பிள்ளையை அழைத்துவரும்படி சொல்லிவிட்டேன். அவன் என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, மூடியைத் திறந்தான், மூடினான், மறுபடியும் திறந்தான். என் அவசரத்தைக் கர்த்தர் மன்னிப்பாராக. சிறியவர்களிடம் குனியும் கிருபையை நம் சபைக்கு அவர் அருளுவாராக. ஆமென்.