மெய்நிகர் இயந்திரத் தீயரண்

ஒரே சர்வரில் இயங்கும் மெய்நிகர் இயந்திரங்கள், அதாவது மென்பொருளால் உருவாக்கிய கணினிகள், ஒவ்வொன்றுக்கும் வந்துபோகும் தரவுப் பொதிகளைச் சோதித்து, விதிப்படி விடவோ தடுக்கவோ செய்யும் மென்பொருள் மெய்நிகர் இயந்திரத் தீயரண் (ஃபயர்வால்) எனப்படும். வலையமைப்பின் நுழைவாயிலில் ஏற்கெனவே ஒரு ஃபயர்வால் இருக்கும்போது இது தனியாக வேண்டுமா என்று பலரும் கேட்பதுண்டு. வேண்டும். விதிவிலக்குகள் மிகச் சில.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் வட்டத்தில் ஒரு விவசாயி இணையத்தில் பட்டா நகல் எடுக்கிறார். ஒரு மாணவி இ-சேவை மையத்தில் சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறார். இரண்டு கோரிக்கைகளும் எங்கோ உள்ள தரவு மையத்துக்குப் போய்த்தான் திரும்புகின்றன. தேசிய தகவலியல் மையம் 2014இல் தொடங்கிய மேகராஜ் போன்ற அரசு மேகக் கட்டமைப்புகள், துறைகளுக்குத் தனித்தனிக் கணினிகளைத் தருவதில்லை. மெய்நிகர் இயந்திரங்களையே ஒதுக்குகின்றன. இணையதளத்துக்கு ஒன்று, செயலிக்கு ஒன்று, தரவுத்தளத்துக்கு ஒன்று என ஒரே இரும்புப் பெட்டிக்குள் பல இயந்திரங்கள் குடியிருக்கலாம்.

சிக்கல் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. இயந்திரங்களை நடத்தும் ஹைப்பர்வைசர், தன் நினைவகத்திலேயே ஒரு மெய்நிகர் சுவிட்சை வைத்திருக்கிறது. ஒரே பெட்டியில், ஒரே உள்வலையில் இருக்கும் இரண்டு இயந்திரங்கள் பேசிக்கொண்டால், அந்தப் பொதி அந்த சுவிட்சோடு திரும்பிவிடும். கேபிளில் இறங்காது, வாசலில் இருக்கும் விலையுயர்ந்த ஃபயர்வால் அதைப் பார்க்கவே பார்க்காது. பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் இணையதள இயந்திரம் ஒருவர் கையில் சிக்கினால், அடுத்திருக்கும் தரவுத்தளத்துக்குப் போகும் வழியில் தடுப்பார் எவரும் இல்லை.

2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல், விண்டோஸ் கணினிகளின் 445ஆம் போர்ட் வழியே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகவே தாவியது. தாக்கப்பட்டது நிஜக் கணினியா, மெய்நிகர் கணினியா என்ற வேறுபாடு அதற்கு இல்லை. 2022 நவம்பரில் நடந்த இணையத் தாக்குதலில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்களில் ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. புறநோயாளிச் சீட்டுகூடக் கையால் எழுத வேண்டிய நிலை வந்தது. வலையமைப்பு முறையாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசு பதில் அளித்தது. உள்ளே நுழைந்தவர் பக்கவாட்டில் நகர முடிகிறதா என்பதே சேதத்தின் அளவைத் தீர்மானிக்கிறது.

இத்தகைய தீயரண் இரண்டு இடங்களில் அமையும். ஒன்று, மெய்நிகர் இயந்திரத்தின் இயங்குதளத்துக்குள்: லினக்ஸில் என்எஃப்டேபிள்ஸ், விண்டோஸில் அதனுடன் வரும் டிஃபெண்டர் ஃபயர்வால். செலவில்லாதது, ஆனால் அந்த இயந்திரத்தின் நிர்வாகி உரிமையைப் பறித்தவர் அதை அணைத்துவிடலாம். மற்றொன்று ஹைப்பர்வைசர் அளவிலேயே, ஒவ்வொரு மெய்நிகர் வலையட்டைக்கும் முன்னால் நிற்பது. உள்ளிருப்பவரால் அதைத் தொட முடியாது. இயந்திரம் வேறு பெட்டிக்கு இடம்பெயர்ந்தாலும் விதிகள் கூடவே போகும்படி இதை அமைக்கலாம். மேகச் சேவைகளில் செக்யூரிட்டி குரூப் என்று வழங்குவது இதே வேலையைச் செய்வது. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டுக்காக ராமசாமி சந்திரமௌலி எழுதி 2016இல் வெளிவந்த 800-125பி வழிகாட்டி முழுக்க முழுக்க மெய்நிகர் வலைப் பாதுகாப்பைப் பற்றியது. இரண்டில் ஒன்று போதும் என்று சிக்கனம் பார்ப்பது, மக்களின் நில ஆவணத்தைத் தாங்கும் இடத்தில் சரியல்ல. இரண்டும் இருக்க வேண்டும்.

விதிகள் எளிமையாக இருப்பதே நல்லது. தரவுத்தள இயந்திரத்தில் போஸ்ட்கிரஸ் ஓடினால், 5432ஆம் போர்ட் செயலி இயந்திரத்தின் முகவரிக்கு மட்டும் திறந்திருக்கும். தொலைநுழைவுக்கான 22ஆம் போர்ட் பராமரிப்பாளர் வலைக்கு மட்டும். மீதி அனைத்தும் மூடல். வெளியே செல்லும் போக்குவரத்துக்கும் இதே கண்டிப்பு வேண்டும்; பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஐபிவி4க்கு மட்டும் விதி எழுதி ஐபிவி6ஐத் திறந்தே விடுவதும் அடிக்கடி நடக்கிறது. இயந்திரத்தின் நிலையைச் சேமித்த ஸ்னாப்ஷாட்டிலிருந்து பழைய நிலைக்குத் திரும்பும்போது, அதன் இயங்குதளத்துக்குள் இருக்கும் விதிகளும் பழையவையாகிவிடும். அதற்குப் பின் நிறுவிய பாதுகாப்புத் திருத்தங்களும் இல்லாமல் போகும்.

மடிக்கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் வைத்துக் கற்கும் மாணவருக்கு இவ்வளவு தேவையில்லை. இயல்பாக வரும் நாட் முறையில் இயந்திரத்துக்கு 10.0.2.15 போன்ற உள்முகவரி கிடைக்கிறது. வெளியிலிருந்து யாரும் நேரே உள்ளே வர இயலாது. பிரிட்ஜ் முறைக்கு மாற்றினால் அது வலையில் இன்னொரு முழுக் கணினி. அப்போது தீயரண் கட்டாயம்.

தீயரணால் ஆகாதவையும் உண்டு. 2015இல் வெளியான வெனம் என்ற ஓட்டை, மெய்நிகர் இயந்திரத்திலிருந்து ஹைப்பர்வைசருக்கே தாவ வழிவிடக்கூடியது. 2023 பிப்ரவரியில் பரவிய இஎஸ்எக்ஸ்ஐஆர்க்ஸ் என்ற பணயத் தீநிரல், இணையத்துக்குத் திறந்து கிடந்த ஹைப்பர்வைசர்களை நேரடியாகத் தாக்கி, அவற்றின் மேலிருந்த இயந்திரக் கோப்புகளைப் பூட்டியது. இவற்றுக்குத் தீர்வு, திருத்தங்களை உடனுக்குடன் நிறுவுவதும் ஹைப்பர்வைசரின் நிர்வாக வாசலைத் தனி வலையில் ஒதுக்கி வைப்பதும்தான்.

இந்தியாவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் பிறப்பித்த ஆணை, இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும், கணினிப் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்கவும் கட்டாயப்படுத்துகிறது. மெய்நிகர் சுவிட்சுக்குள் நடந்த உரையாடல் பற்றிய பதிவு வாசல் ஃபயர்வாலில் இருக்காது. அதை எழுதி வைப்பது அந்தந்த இயந்திரத்துக்கு முன் நிற்கும் தீயரண்தான்.